கணினிக்கு எந்த மொழி கற்பது?



தோட்டத்தை விட்டு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய நம் குடும்பங்களைச் சந்திக்கும் போதெல்லாம் ஒரு கேள்வி நம் காதில் விழுகிறது. "சார், பையன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகணும்னு சொல்றான். எந்த மொழியைப் படிக்க வைக்கலாம்?" என்பதே அது. தோட்டத்தில் இருப்போரும் இதையே கேட்கிறார்கள்.

நாம் அறிந்த ஒரு தாயார், மகனுக்காகத் தம் சங்கிலியை அடகு வைத்தார். மூன்று மாதத்தில் ஐந்து கணினி மொழிகள் என்று ஒரு பயிற்சி நிலையம் விளம்பரம் செய்திருந்தது. மூன்று மாதம் கழித்துப் பையனுக்கு ஐந்து மொழிகளின் பெயர்கள் தெரிந்தன. ஆனால், அம்மாவின் மாதச் சம்பளத்தைக் கூட்டித் தரும் சிறு நிரலைக் கூட அவனால் எழுத முடியவில்லை. இந்த நிலை மற்றவர்களுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இன்று இதைப் பேசுகிறோம்.

கணினி தானாகச் சிந்திப்பதில்லை. செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் கட்டளைத் தொகுப்பே நிரல். அதை எழுத உதவுவது நிரல்மொழி.

செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் கூலியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளின் எடையையும் எடு. குறித்த அளவுக்கு மேல் இருந்தால் கூடுதல் பணம் சேர். மாதம் முடியும் வரை இதையே செய். பிறகு பிடித்தங்களைக் கழி. வரிசை, நிபந்தனை, திரும்பச் செய்தல் ஆகிய மூன்றும் இதில் அடங்கிவிட்டன. பெரும்பாலான நிரல்மொழிகளுக்கு இவையே அடிப்படை. ஒரு மொழியில் இதை நன்றாகப் பழகியவனுக்கு இரண்டாவது மொழி எளிதாக வரும். ஆகவே, முதலில் ஒரே மொழி போதும்.

அந்த முதல் மொழியாகப் பைதானை எடுத்துக்கொள்ளலாம். 1991ஆம் ஆண்டு வெளிவந்த இம்மொழியின் எழுத்து முறை எளிமையானது. இதற்குக் கட்டணமும் இல்லை. பழகிய பின், தகவல்களைச் சேமித்துத் தேடி எடுக்க உதவும் எஸ்.கியூ.எல். மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகம், வங்கி, மருத்துவமனை எதுவானாலும் தகவல் இல்லாமல் வேலை நடப்பதில்லை அல்லவா?

மூன்றாவதை, போகவிருக்கும் வேலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஜெலுத்தோங்கிற்குத் தெற்கே உள்ள பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் நிறுவனமும் அதே ஆண்டு பினாங்கிற்கு வந்தது. சி என்னும் மொழி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானதும் அக்காலத்தில்தான். இயந்திரங்களுக்குள் இருக்கும் சிறு கணினிகளை இயக்க இன்றும் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளே பெரிதும் உதவுகின்றன. தொழிற்சாலைக் கருவிகளில் ஆர்வமுள்ள பிள்ளை அவற்றைக் கற்கட்டும். இணையப் பக்கங்கள் செய்ய விரும்பினால் 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். பெரிய நிறுவனங்களின் கணக்கு, வங்கி வேலைகளுக்கு ஜாவா பயன்படும். ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு என்பதையும் மறந்துவிடக்கூடாது.

விளம்பரத்தை நம்புவதைவிட நாமே விசாரிப்பது நல்லது. பினாங்கில் வந்துள்ள இருபது வேலை அறிவிப்புகளைப் பிள்ளையுடன் உட்கார்ந்து பாருங்கள். எந்த மொழியை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். கூடவே, என்ன கல்வித் தகுதி கேட்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணிதத்தையும் ஆங்கிலத்தையும் கைவிட்டு நிரல்மொழி மட்டும் கற்றால் எஸ்.பி.எம். முடித்த பின் பாலிடெக்னிக், பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டுப் போகலாம்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும்போது பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது எழுதிய கூலிக் கணக்கில் ஒரு நிபந்தனை தவறாக இருந்தால் யாருடைய சம்பளம் குறையும்? நம்மவர் சம்பளம்தான். தவற்றைக் கண்டுபிடிக்க, நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர் வேண்டும்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் 2017ஆம் ஆண்டு அறிமுகமான கணினி அறிவியல் பாடம் உங்கள் பிள்ளையின் பள்ளியில் உண்டா என்று விசாரியுங்கள். ஜெலுத்தோங் பக்கம் உள்ளவர்கள் கிரீன் லேனில் 2016இல் திறக்கப்பட்ட பினாங்கு மின்னியல் நூலகத்திற்குப் பிள்ளைகளை அனுப்பலாம். எங்கேனும் பணம் கட்டும் முன், "முடிவில் என் பிள்ளை தானாக எதைச் செய்து காட்டுவான்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முன்பு சொன்ன பையன் பின்னர் பைதானை மட்டும் எடுத்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் பழகினான். ஆறு மாதத்தில் அம்மாவின் சம்பளக் கணக்கைத் தானே எழுதிக் காட்டினான். அடகு வைத்த சங்கிலி இன்னும் திரும்பவில்லை. ஆனால், படிப்பு கையில் இருக்கிறது.