கெண்டை பெருக்க ஜிலேபியைக் குறைக்கலாம்: குட்டைக்கும் ஏரிக்கும் ஏற்ற தூண்டில் முறைகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை நிரம்பியதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடும் விவசாயிகள் பலர். தவிடும் கடலைப் புண்ணாக்கும் தவறாமல் போட்டு வருவார்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது வலை இழுத்தால், வருவதில் பெரும்பகுதி உள்ளங்கை அகலமே உள்ள ஜிலேபி மீனாக இருக்கும். விட்ட கெண்டையில் பாதியைக் காணோம். இருப்பதிலும் எடை இல்லை. குஞ்சு சரியில்லை என்று விற்றவர் மீது பழி போடுவதுண்டு. ஆனால் பல குட்டைகளில் நடப்பது வேறு. போட்ட தீனியை ஜிலேபி தின்கிறது. விட்ட குஞ்சை விரால் தின்கிறது.

மீன் வளரும் காலத்தில் அடிக்கடி வலை இழுக்க முடியாது. வலைக்கும் ஆளுக்கும் கூலி ஆகும். வலையில் அடிபட்டுச் செதில் உதிர்ந்த கெண்டை நோய்க்கு ஆளாகும். இந்த நிலையில் சிறு விவசாயிக்குக் கைகொடுப்பது தூண்டில். முள், இரை, ஆழம் ஆகிய மூன்றையும் மீனுக்கு ஏற்றபடி அமைத்தால், வேண்டாத மீனைப் பிடித்து வேண்டிய மீனைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். குட்டைக்கும் நல்லது, வீட்டுக்கும் குழம்பு ஆயிற்று.

ஜிலேபி பெருகும் விதம்

ஜிலேபி நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டு மூன்று மாத வயதிலேயே இது முட்டையிடத் தொடங்கிவிடும். ஆண் மீன் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் தட்டுப் போன்ற குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். இதனால் குஞ்சுகள் அதிகம் சாவதில்லை. நாலு ஜிலேபி வந்து சேர்ந்தாலும் ஒரே பருவத்தில் குட்டை நிறைந்துவிடும். கூட்டம் கூடக் கூட மீனின் அளவு சிறுத்துப்போகும். (அனுமதி பெற்று, ஆண் மீன்களை மட்டும் விட்டு வளர்க்கும் கிப்ட் திலேப்பியா வேறு. இங்கே சொல்லப்படுவது தானாக வந்து சேரும் பழைய ஜிலேபி.)

எந்த மீன் எங்கே மேயும்?

கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். ஓரிடத்தில் சிறு சிறு குமிழிகள் தொடர்ந்து வந்தால், அடியில் இவை மேய்கின்றன என்று கொள்ளலாம். ஜிலேபி பகல் வெயிலில் ஓரத்தில் திரியும். விரால் புல், கோரை, அல்லி இலை ஓரங்களில் பதுங்கி இருக்கும். கெளுத்தி இரவில் அடித்தரையில் இரை தேடும்.

விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், இரைக்கு வந்ததாக எண்ணித் தூண்டில் போடக் கூடாது. தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அன்று தீனியையும் எருவையும் நிறுத்திவிட்டு, பம்பு செட்டிலிருந்து புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

கழியும் நரம்பும்

குட்டைக்கு 10 முதல் 12 அடி நீளமுள்ள மூங்கில் கழி போதும். முற்றிய கல்மூங்கிலை வெட்டி நிழலில் காயவைத்தால் வெடிக்காது; கழியும் வளைந்து கொடுக்கும். நரம்பைக் கழியின் நுனியில் மட்டும் கட்டுவது தவறு. கைப்பிடியில் முதலில் கட்டி, கழியோடு ஓட்டி, நுனியில் மறுபடி முடிய வேண்டும். நுனி ஒடிந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது. தண்ணீரில் விடும் நரம்பு கழியின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் எறியவும் எடுக்கவும் எளிது.

ஜிலேபி, சிறு கெண்டை ஆகியவற்றுக்கு 0.20 மி.மீ. தடிப்புள்ள நைலான் நரம்பு போதும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கெண்டைக்கு 0.30 மி.மீ., புல்லுக்குள் ஓடும் விராலுக்கு 0.40 மி.மீ. அல்லது அதற்கு மேல் தேவை. தடித்த நரம்பு எல்லாவற்றுக்கும் ஆகும் என்று வாங்குவதில் பயனில்லை. தெளிந்த தண்ணீரில் அது மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நைலான் நரம்பு வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். ஒவ்வொரு முறையும் முள்ளுக்கு மேலுள்ள ஒரு முழ நரம்பை விரல்களுக்கிடையே இழுத்துப் பார்க்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முடிய வேண்டும். முள்ளின் கண்ணில் நரம்பை நுழைத்து, நரம்பின் மீதே ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணுக்கு அருகிலுள்ள வளையத்தில் திரும்ப நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். ஈரமில்லாமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு கெட்டு, முடிச்சிலேயே அறுந்துபோகும்.

முள், தக்கை, ஈயம்

கடையில் முள் வாங்கும்போது பலர் எண்ணில் ஏமாறுகிறார்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். 12ஆம் எண் முள், 6ஆம் எண்ணைவிடச் சிறியது. ஜிலேபிக்கு 10 அல்லது 12ஆம் எண்ணும், கெண்டைக்கு 6 முதல் 8 வரையும் ஏற்றவை. விராலுக்கு இவற்றைவிடப் பெரிய, கம்பி தடித்த முள் வேண்டும். முள்ளின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்க்கலாம். வழுக்கினால் மழுங்கிவிட்டது என்று பொருள்.

தக்கைக்கு மயிலிறகின் தண்டு அல்லது காய்ந்த நெட்டி போதும். பெரிய தக்கை போட்டால், அதை இழுக்கும் பாரம் தெரிந்ததும் மீன் இரையைத் துப்பிவிடும். தக்கையின் நுனி மட்டும் மேலே தெரியும் அளவுக்கு ஈயம் சேர்க்க வேண்டும். ஆழம் அறிய ஒரு வழி உண்டு. ஈயம் தரையில் தங்கினால் தக்கை படுத்துவிடும். தக்கை நிமிர்ந்து நிற்கும் வரை அதைச் சிறிது சிறிதாகக் கீழே, ஈயத்தை நோக்கி நகர்த்தினால், அந்த இடத்தின் ஆழம் தெரிந்துவிடும்.

ஜிலேபியைப் பிடிக்கும் முறை

வெயில் ஏறிய பிறகு, குழிகள் தெரியும் ஓரமாகப் பார்த்து அமர வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. கரையில் காலை அழுத்தி நடந்தாலும் அதிர்ச்சியில் மீன் விலகிவிடும். மண்புழுவின் ஒரு சிறு துண்டை முள்ளின் நுனி மறையக் கோத்து, ஒன்றரை அல்லது இரண்டடி ஆழத்தில் விட்டால் போதும். முழுப் புழுவைத் தொங்கவிட்டால் ஜிலேபி வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். புழு கிடைக்காதபோது, மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து மிளகு அளவு உருட்டி வைக்கலாம்.

தக்கை துடித்துப் பக்கவாட்டில் நகரும்போது மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். கழியைத் தலைக்கு மேல் வீசி இழுத்தால் வாய் கிழிந்து மீன் தப்பிவிடும்.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வாயில் குஞ்சு வைத்திருக்கும் பெண் ஜிலேபி, பிடிபட்டதும் அவற்றைத் துப்பிவிடும். ஆகவே சிக்கிய மீனைத் தண்ணீரில் விளையாட விடாமல் உடனே கரைக்குத் தூக்க வேண்டும். பிடித்த மீனை வலைப்பையில் போட்டு அதே குட்டையில் தொங்கவிடக் கூடாது. அங்கேயே கழுவவும் கூடாது. குட்டைக்கு எட்டத்தில் வைத்த குடத்தில் அல்லது வாளியில் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மீனைப் பிடித்து ஒரு கூட்டத்தை விட்டதாக முடியும்.

குட்டையில் விரால்

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து போகும். தண்ணீர் சுழித்து அடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே இரையைப் போடலாம். தவளையைக் கோத்துப் போடுவது பழைய வழக்கம். ஆனால் தவளை வயலில் பூச்சி தின்னும் நண்பன். தவளைக் கால் ஏற்றுமதியை 1987ஆம் ஆண்டிலேயே அரசு தடை செய்துவிட்டது. தவளைக்குப் பதில் செத்த சிறுமீன், கோழிக்குடல் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். தவளை வடிவில் செய்த ரப்பர் இரையும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. ரப்பர் இரையைப் புல் ஓரமாக மெல்லத் தத்தவிட்டு இழுக்க வேண்டும். செத்த மீனை விரால் கவ்வியதும் இழுத்துவிடாமல், விழுங்கச் சற்று நேரம் கொடுத்துச் சுண்ட வேண்டும். சிக்கியபின் தளர விட்டால் புல்லுக்குள் புகுந்து நரம்பை அறுத்துவிடும்.

கெளுத்தி பிடிபட்டால் வெறுங்கையால் பற்றக் கூடாது. முதுகிலும் இரு பக்கத்துச் செவுளை ஒட்டியும் உள்ள முட்கள் குத்தினால் கடுமையாக வலிக்கும். ஈரத் துணியால் சுற்றிப் பிடிப்பதே நலம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அது வந்து சேர்ந்திருந்தால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது.

தவறிச் சிக்கும் கெண்டை

கையை நனைத்துக்கொண்டுதான் கெண்டையைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் மேலுள்ள வழவழப்பு போய்ப் புண் உண்டாகும். முள் போன வழியே திருப்பி எடுக்க வேண்டும். விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வாயருகே வெட்டி விட்டுவிடலாம். பெரிய மீனை நரம்பைப் பிடித்துத் தூக்காமல் கைவலையில் ஏந்த வேண்டும்.

ஏரியில் நியாயம் வேறு

சொந்தக் குட்டையில் விரால் எதிரி. ஊர் ஏரியில் அதுவே செல்வம். மழைக்காலத்தில் விரால் புல் நடுவே முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மிதக்கும்போது, தாயும் தகப்பனும் அடியில் நின்று காவல் காக்கும். அந்தக் கூட்டத்தின் மீது இரை போட்டால் பெரிய மீன் சீறி வந்து கவ்வும். பிடிப்பது எளிது, ஆனால் அன்றே குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு வேளைக் குழம்புக்காக அடுத்த ஆண்டு மீனை அழிப்பது ஊருக்கே நட்டம். செந்நிறக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போவதே முறை.

ஏரி மீனை ஏலம் எடுத்தவர் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டே தூண்டில் போட வேண்டும். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம்.

எச்சரிக்கை

மின்கம்பிக்குக் கீழே தூண்டில் வீசக் கூடாது. இப்போது கடைகளில் விற்கும் கார்பன் கழியில் மின்சாரம் பாயும். நனைந்த மூங்கிலும் ஆபத்தானதே. இடி மின்னலின்போது கரையில் நிற்கக் கூடாது. அறுந்த நரம்பைக் கரையில் விட்டால் கொக்கு, நாரை கால்களில் சிக்கும். மாடு புல்லோடு தின்றுவிடும். முள்ளைத் தக்கையில் குத்தி வைத்தால், வரப்பில் வெறுங்காலோடு நடப்பவருக்கு ஆபத்தில்லை.

தூண்டிலின் எல்லை

தூண்டிலால் ஜிலேபியைக் குறைக்கலாமே தவிர, அடியோடு ஒழிக்க முடியாது. கோடையில் குட்டையை வற்றவிட்டு வெடிக்கக் காயப்போடுவதே முழுப் பரிகாரம். வற்றாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு போடலாம். ஒரு மீட்டர் ஆழமுள்ள தண்ணீருக்கு எக்டேருக்கு 2,500 கிலோ, அதாவது 10 சென்ட் குட்டைக்குச் சுமார் 100 கிலோ தேவை. நஞ்சு நீங்க மூன்று வாரம் ஆகும். அதுவரை குஞ்சு விடவோ, மாடுகளுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டவோ கூடாது. பிறகு அதுவே குட்டைக்கு எருவாகும். தண்ணீர் வரும் வாய்க்கால் வாயில் கண் சிறிய வலை கட்டி, விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சுகளாகப் பார்த்து விட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் தூண்டிலுடன் கரையில் உட்கார்ந்தால், தப்பி வந்த ஜிலேபி பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம். போடும் தவிடும் புண்ணாக்கும் அப்போதுதான் கெண்டையின் எடையாகத் திரும்பி வரும்.