பிள்ளைகளின் முகத்தில் ஓடும் கோடு

இத்தாலியின் தூரின் நகரத்து அரச நூலகத்தில் ஓர் இளம்பெண்ணின் தலை இருக்கிறது. லியொனார்தோ டா வின்சி 1480களில் 'பாறைகளிடையே கன்னிமாதா' ஓவியத்தின் தேவதைக்காக வரைந்து பார்த்த ஆயத்தக் கோட்டோவியம் அது. பூச்சிட்ட தாளில் வெள்ளிமுனையால் கீறியது. வெள்ளிமுனையில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது. அதனால் கை துணியுமுன் கண் தீர்மானித்திருக்க வேண்டும். புளோரன்சின் பட்டறைகளில் பையன்கள் வருடக்கணக்கில் இப்படிக் கீறித்தான் தொழில் கற்றார்கள். உட்கார்ந்து முகம் காட்டியவர்களும் பல வேளை அதே பையன்கள்தான்.

அப்படியொரு ஆயத்த வேலை இலங்கையின் கண்டியில் நடக்கவில்லையா? நடந்தது. அதைத் தேட வேண்டிய இடம் சுவர்.

கண்டி நகரிலிருந்து மகாவலியைக் கடந்தால் அமுனுகமவில் தெகல்தொருவக் குகை விகாரை இருக்கிறது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கிய வேலை. வரைந்தவர்களில் முதன்மையானவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே. ரிதி விகாரையிலும் அவர் கை உண்டு. கூடவே நீலகம என்ற சித்திரக்காரக் குடும்பம்.

இவர்கள் வேலை செய்த முறையை நமக்கு எழுதிவைத்தவர், கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கனிம ஆய்வுக்கென்று ஊரூராகத் திரிந்தவர், பட்டறைக் குடும்பங்களோடு பேசிப் பழகி, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அந்த வேலைக்கு நாம் பட்ட கடன் தீராது.

பையன் முதலில் கற்பது வளைகோடு. ஒன்றுக்குள் ஒன்று திரும்பும் இரட்டை வளைவு. 'வக தெக' என்பார்கள். கொடி, அன்னம், கன்னம், புருவம் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை. நித்தமும் கோலம் போடும் கை புள்ளியை எண்ணாதது போல, பழகிய கைக்கும் தலையை எங்கே தொடங்குவது என்ற தயக்கமில்லை.

சுவரில் களிமண் சாந்து பூசி, அதன்மேல் மகுலு என்ற வெள்ளைக் களி. காய்ந்தபின் மெல்லிய கோட்டில் உருவம் விழும். இதுதான் இங்கே ஆயத்தக் கோட்டோவியம். பிறகு சாதிலிங்கச் சிவப்பும், கொகட்டு மரப்பால் மஞ்சளும் விளாம்பிசினில் குழைந்து ஏறும். கடைசியில் புல்லாலோ மயிராலோ செய்த மெல்லிய தூரிகையால் முதற்கோட்டின்மேல் உறுதியான எல்லைக்கோடு இழுப்பார்கள். தாளில் தனியே தங்கிய ஆராய்ச்சி தூரினில் நமக்குக் கிடைத்தது. கண்டியில் அது வண்ணத்துக்கடியில் போய்விட்டது.

அதனால்தான் இங்கே எந்த இளமுகமும் தனியொருவரின் சாயலாக இருப்பதில்லை. தெகல்தொருவச் சுவரில் உள்ள வெஸ்ஸந்தர ஜாதகத்தில், அதாவது புத்தரின் முற்பிறப்புக் கதையில், தகப்பன் தானமாகக் கொடுத்துவிடும் ஜாலி, கிருஷ்ணஜினா என்ற இரு பிள்ளைகளைப் பாருங்கள். முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கும், பாதம் பக்கவாட்டில். பெரியவர்களின் முகவெட்டுத்தான், அளவுதான் சின்னது. பிள்ளை முகத்தைப் பார்த்து வரையத் தெரியாததால் இப்படி ஆயிற்று என்று சிலர் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். கதையைச் சுற்றிவந்து படிக்கும் யாத்திரிகருக்கு ஒவ்வொரு பட்டையிலும் அதே பிள்ளையை உடனே அடையாளம் காண வேண்டும். ஒரே ஆள் பல இடத்தில் வரும் கதையில் மாறாத முகம் பெரிய உதவி. இளமையின் ஒளியையும் நிழலையும் லியொனார்தோ தேடினார். சித்திரக்காரர் தேடியது தடுமாறாத கோட்டை.

விகாரைக்குப் போகும்போது பிளாஷ் அடிக்காதீர்கள், வண்ணத்துக்குக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு ஒரு பிள்ளையின் நெற்றியில் தொடங்கி, கன்னம் வழியாகத் தாடைவரை அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் பின்தொடருங்கள். எங்கே தூரிகை அழுந்தியது, எங்கே மெலிந்தது என்று பாருங்கள். பக்கத்துப் பிள்ளையின் கோட்டையும் அப்படியே பார்த்தால், இரண்டையும் ஒரே கைதான் இழுத்ததா என்று நீங்களே கேட்கத் தொடங்குவீர்கள்.