மூன்று டிகிரிச் சாய்வு

அரியலூர், பெரம்பலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பாறை அடுக்குகள் பாய் விரித்தாற்போலக் கிடக்கின்றன. இமயமலையில் மடங்கி நிமிர்ந்த பாறைகளை அளக்கும் நிலவியல் காம்பஸுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். சாய்வு குறைவாக இருக்கும் இடத்தில்தான் அது அதிகம் தேவைப்படுகிறது என்பேன். செங்குத்துப் பாறையின் சாய்வைக் கண்ணே சொல்லிவிடும். மூன்று டிகிரியைக் கண் தவறவிடும். அந்த மூன்று டிகிரியில் ஒரு கிலோமீட்டருக்கு 52 மீட்டர் இறக்கம். பத்து கிலோமீட்டரில் அது அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மேற்கே காரை என்ற ஊரிலிருந்து கிழக்கே போகப் போக வயதில் இளைய பாறைகள் வெளிப்படுவதும் இந்தச் சாய்வால்தான். நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதியது 1862இல். இன்று பரவலாகப் புழங்கும் காம்பஸுக்கு டேவிட் பிரண்டன் காப்புரிமை பெற்றதோ 1894இல்தான்.

முதலில் காம்பஸின் விளிம்பைப் பாறைத் தளத்தில் பொருத்தி, வட்டக் குமிழியை நடுவில் நிறுத்தி, முள் காட்டும் திசையைப் படிக்க வேண்டும். இது ஸ்ட்ரைக், அதாவது தளத்தில் வரையக்கூடிய கிடைக்கோட்டின் திசை. பிறகு அதற்குச் செங்குத்தாகக் காம்பஸைப் பக்கவாட்டில் நிறுத்தி, நீள் குமிழி நடுவுக்கு வரும்வரை பின்புற நெம்பைத் திருப்பினால் டிப், அதாவது சாய்கோணம் கிடைக்கும். முகப்பில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருப்பது அச்சுப் பிழையல்ல. முள் வடக்கையே பார்த்து நிற்க, பெட்டிதான் திரும்புகிறது. எழுத்துகள் மாறியிருப்பதால் பெட்டி நோக்கும் திசையை முள்முனையிலேயே படித்துவிடலாம். இன்னொன்று: காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே செல்வதால் இங்கே முள் ஏறக்குறைய கிடையாகவே நிற்கும். அமெரிக்காவுக்கென்று எதிரெடை சுற்றிய முள்ளை அப்படியே கொண்டுவந்தால் தென்முனை தாழ்ந்து உரசும்; எடையை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

ஓரிரு டிகிரி கைப்பிழையே மூன்று டிகிரியை விழுங்கிவிடாதா? விழுங்கும், கிடைக்கோட்டின் திசையும் அப்போது தடுமாறும். அதனால் கரடுமுரடான தளத்தில் நோட்டுப் பலகையை வைத்து அதன்மேல் அளக்கிறார்கள், பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறார்கள், ஒரே அடுக்கு தென்படும் மூன்று இடங்களின் உயரத்தைக் கொண்டு சாய்வைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். கைபேசிச் செயலியும் இதே வேலையைச் செய்கிறதே என்றால், செய்யட்டும். கைபேசியின் காந்த உணரியை அடிக்கடி சரிபார்த்துக்கொண்டால் போதும். எந்தக் கருவியாலும் தீராத சிக்கல் வேறு. பவளத்திட்டின் ஓரத்தில் படிந்த சுண்ணாம்பு, படியும்போதே சாய்ந்து படிந்திருக்கலாம். மணற்கல்லுக்குள் ஓடும் குறுக்குக் கோடுகள் பழைய நீரோட்டத்தின் சாய்வே தவிர அடுக்கின் சாய்வல்ல. அவற்றை அளந்தால் எண் துல்லியமாகவும் முடிவு தவறாகவும் இருக்கும். கிழக்கே விக்கிரமங்கலம் பக்கம் நிலத்தடியில் ஓர் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பதற்கு முதல் மதிப்பீட்டைத் தருவது மேற்கே அளந்தெடுத்த அடுக்கின் சாய்வுதான். இடையில் பாறை முறிந்து நழுவியிருந்தால் அந்த மதிப்பீடு பிசகும். அதைத் துளையிட்டுத்தான் உறுதிசெய்ய முடியும்.