ஸ்கேனில் தெரியாத நோய்

‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்று மருத்துவர் சொன்னால் பொதுவாக யாருக்கும் நிம்மதிதான். வலது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்த எனக்கு அந்தச் சொல் நிம்மதி தரவில்லை. ஒன்றும் இல்லையென்றால் கால் ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை? ‘வேலைக்குப் போக மனமில்லை போலும்’ என்று உறவினர்கள் சிலர் என் காதுபடவே பேசினார்கள். யாரோ கண் வைத்துவிட்டதாக நினைத்து அம்மா மூன்று வெள்ளிக்கிழமை திருஷ்டி கழித்தார்.

எனக்கு இருப்பது ‘ஃபங்ஷனல் நியூரோலாஜிக்கல் டிசார்டர்’. சுருக்கமாக எஃப்என்டி. தமிழில் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு எனலாம். நான்கு ஆண்டுகளாக அதனுடன் வாழ்கிறேன். சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் மகள், அம்மா.

நடிப்பு அல்ல

பக்கவாதத்திலோ மூளைக் கட்டியிலோ மூளையின் ஒரு பகுதி சேதமடைகிறது. அது ஸ்கேனில் தெரியும். எஃப்என்டியில் அப்படிப்பட்ட சேதம் இல்லை. மூளை செய்தியை அனுப்புவதிலும் பெறுவதிலும்தான் தடுமாற்றம். கணினி உடையவில்லை, அதனுள் ஓடும் மென்பொருள் சிக்கிக்கொண்டது என்று மருத்துவர்கள் விளக்குவார்கள். கைகால் பலவீனம், நடுக்கம், மரத்துப்போதல், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு போன்ற தாக்கம் என்று இது பல உருவில் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

முன்பு இதை ‘ஹிஸ்டீரியா’ என்றார்கள். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மனத்தில் அடக்கிவைத்த துயரம்தான் உடலில் வெளிப்படுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். மன உளைச்சல் ஒரு காரணமாக இருக்கலாம். அடிபடுதல், ஒற்றைத் தலைவலி, வேறொரு நோய்கூட இதைத் தொடங்கி வைக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேட்டில், மன உளைச்சல் இருந்தால்தான் இந்த நோய் என்ற நிபந்தனையே எடுக்கப்பட்டுவிட்டது.

எனக்கு நம்பிக்கை தந்தது ஓர் எளிய சோதனை. படுக்கவைத்து, வலது குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, “கீழே அழுத்துங்கள்” என்றார் நரம்பியல் மருத்துவர். எவ்வளவு முயன்றும் முடியவில்லை. பிறகு, “இப்போது இடது காலைத் தூக்குங்கள்” என்று அந்தக் காலை மேலிருந்து தடுத்துப் பிடித்தார். நான் இடது காலைத் தூக்கப் போராடியபோது, வலது குதிகால் தானாகவே அவர் கையை அழுத்தியது. “பாருங்கள், காலில் பலம் இருக்கிறது. நீங்கள் அதை நினைக்கும்போதுதான் வழி அடைபடுகிறது. இது நடிப்பில்லை” என்றார். பக்கத்தில் நின்ற என் கணவரும் அதைப் பார்த்தார். ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908ல் விவரித்த சோதனை இது. ஸ்கேன் என்ன இல்லை என்பதைத்தான் சொன்னது. என்ன இருக்கிறது என்பதைச் சொன்னது இந்தச் சோதனை.

காலை மறக்கப் பழகுதல்

இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே தூக்கமின்மை, மனச்சோர்வு, தலைவலி இருந்தால் அவற்றுக்கு மருந்து தருவார்கள். எனக்கு முக்கிய சிகிச்சை இயன்முறை சிகிச்சைதான். கவனம் காலில் குவியக் குவிய நடை மோசமாகும் என்பதால், கவனத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்லித்தருகிறார்கள். முதல் வாரத்திலேயே பின்னோக்கி நடக்கச் சொன்னார் சிகிச்சையாளர். முன்னோக்கி நடக்க இழுபட்ட கால், பின்னோக்கி நடக்கையில் இழுபடவில்லை! இப்போதும் கால் சண்டித்தனம் செய்தால் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடப்பேன். மகள் இளையராஜா பாட்டைப் போட்டுவிடுவாள். தாளத்துக்குக் கால் கட்டுப்படும்.

அடுத்தது, சக்தியைச் சிக்கனமாகச் செலவழிப்பது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் வீட்டையே புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்யத் தோன்றும். அப்படிச் செய்தால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான். அதனால் சந்தைக்கு ஒரு நாள், துணிகளுக்கு ஒரு நாள் என்று பிரித்துவிட்டேன். நல்ல நாளிலும் அளவைக் கூட்டுவதில்லை. மோசமான நாளிலும் முழுவதுமாகப் படுத்துவிடுவதில்லை. எம்ஆர்டியில் உச்சநேர நெரிசலைத் தவிர்க்க, தாமதமாக வேலை தொடங்க மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். கைத்தடி பையில் இருக்கும். அதையே நம்பிவிடக்கூடாது என்பதால் தேவைப்பட்டால் மட்டும் எடுப்பேன்.

வீட்டார் செய்யக்கூடியது

“கால் எப்படி இருக்கு?” என்று என் கணவர் தினமும் காலையில் கேட்பார். அன்பான கேள்விதான். ஆனால் கேட்டவுடன் என் கவனம் காலுக்குப் போய்விடும். விவரம் தெரிந்தபின், “இன்றைக்கு என்ன திட்டம்?” என்று கேட்கிறார். அந்த மாற்றம் எனக்குப் பெரிய உதவி.

சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் அறிமுகமான தங்கை ஒருத்திக்கு வலிப்பு போன்ற தாக்கம் வரும். அப்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது, அழுத்திப் பிடிப்பது எதுவும் கூடாது. தலைக்கு மெத்தென்று எதையாவது வைத்து, இடிபடும் பொருள்களை அகற்றி, அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும். முதன்முறையாக வருகிறது என்றாலோ ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ 995ஐ அழைக்கவேண்டும். எஃப்என்டி உள்ளவருக்கும் பக்கவாதம் வரலாம். முகம் கோணினால், பேச்சு திடீரெனக் குழறினால், ‘இது பழைய கதைதான்’ என்று உட்கார்ந்துவிடக்கூடாது.

சிலர் முழுமையாகக் குணமடைகிறார்கள், சிலருக்கு வந்து வந்து போகிறது. நான் இரண்டாம் வகை. காரணம் தெரியாத பலவீனத்தோடு அலைபவர் உங்கள் வீட்டில் இருந்தால், பலதுறை மருந்தகத்தில் கேட்டு நரம்பியல் நிபுணரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது கூடவே ஒருவர் போங்கள். நோயாளி சொல்வதை நம்பும் ஒருவர் பக்கத்தில் இருந்தால், சிகிச்சையைப் பாதியில் விடமாட்டார்.