பூட்டிய பென்டிரைவ் திறக்க மறுக்கும்போது

ரகசியக் குறியீட்டால் பூட்டி வைத்த பென்டிரைவ் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் செருகியவுடன், 'இந்த டிஸ்க்கை உபயோகிக்க வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று விண்டோஸ் கேட்கிறதே, அந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் சம்மதம் கொடுத்துவிட்டதனால் பறிபோன ஆராய்ச்சிக் குறிப்புகளும் வழக்குக் கட்டுகளும் குடும்பப் படங்களும் கொஞ்சமல்ல. அந்தக் கேள்வி எழுந்ததனாலேயே டிரைவ் கெட்டுப்போயிற்று என்று அர்த்தமாகாது. லினக்ஸில் லக்ஸ் முறையில் பூட்டியதையும் வெராகிரிப்ட் கொண்டு பூட்டியதையும் படிக்க விண்டோஸுக்குத் தெரியாது. தெரியாததைக் காலி இடமென்று கருதி, ஃபார்மட் செய்து தர முன்வருகிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரும் 'இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று அறிவித்து, இனிஷியலைஸ் என்ற பொத்தானை நம் முன் வைக்கிறது. இரண்டிடத்திலும் செய்யத்தக்கது, மறுத்துவிட்டு டிரைவை முறைப்படி வெளியே எடுப்பது ஒன்றே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் தட்டும் பாஸ்வேர்டு கோப்புகளை நேரடியாகப் பூட்டுவதில்லை. கம்ப்யூட்டர் தானே உற்பத்தி செய்துகொள்ளும் மூலச் சாவி ஒன்றுதான் கோப்புகளைப் பூட்டுகிறது. நமது பாஸ்வேர்டு அந்த மூலச் சாவியைப் பூட்டி, டிரைவின் ஆரம்பத்திலுள்ள ஹெடர் என்னும் சிறு பகுதியில் வைக்கிறது. பெரிய இரும்புப் பெட்டகத்தின் சாவியைச் சிறு பேழையில் வைத்துப் பூட்டி, பேழையின் சாவியை மட்டும் மடியில் முடிந்துகொள்வது போன்ற ஏற்பாடு இது. லக்ஸின் இரண்டாம் பதிப்பில் அந்த ஹெடர் சாதாரணமாக 16 மெகாபைட். 64 ஜிகாபைட் டிரைவில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கின்மேல் ஃபார்மட்டின் எழுத்துகள் விழுந்துவிட்டால், மற்றக் கோப்புகள் அத்தனையும் அழியாமல் இருந்தும், சரியான பாஸ்வேர்டு நினைவில் இருந்தும், அவற்றைத் திறக்க ஒருவராலும் ஆகாது. வெராகிரிப்ட் தன் ஹெடரின் பிரதியொன்றைக் கடைசியில் வைத்துக்கொள்வதால் அங்கே ஓரளவு நம்பிக்கைக்கு இடமுண்டு. லக்ஸிலோ விவரக் குறிப்புகளுக்கு இரட்டைப் பிரதி இருந்தாலும், சாவி வாசம் செய்யும் இடம் ஒன்றுதான்.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இத்தகைய டிரைவைச் செருகினால், பாஸ்வேர்டு கேட்கும் சிறு ஜன்னல் பெரும்பாலும் தானாகவே தோன்றும். தோன்றாதபோது டெர்மினலில் மவுண்ட் கட்டளையை நேரே கொடுத்துவிட்டு, 'கிரிப்டோ லக்ஸ் என்பது தெரியாத ஃபைல்சிஸ்டம்' என்ற பதிலைக் கண்டு திகைப்பவர் பலர். காரியம் இரண்டு படிகளில் நடக்க வேண்டியது. முதலில் கிரிப்ட்செட்டப் என்னும் மென்பொருளால் பூட்டைத் திறக்க வேண்டும்; திறந்தபின் மேப்பர் என்ற இடத்தில் தோன்றும் புதிய சாதனத்தைத்தான் மவுண்ட் செய்ய வேண்டும். முந்தைய தடவை டிரைவைச் சட்டென்று பிடுங்கியிருந்தால், பழைய திறப்பு மூடப்படாமல் நின்று, 'அந்தச் சாதனம் ஏற்கெனவே இருக்கிறது' என்ற மறுப்பு வரும். அதை மூடிவிட்டாலோ, கம்ப்யூட்டரை ஒரு முறை நிறுத்தி இயக்கினாலோ போதும்.

பாஸ்வேர்டு செல்லவில்லை என்று வந்தால், நினைவைச் சந்தேகிக்குமுன் விசைப்பலகையைச் சந்தேகிப்பது உத்தமம். தமிழ் எழுத்துமுறை இயக்கத்தில் இருக்கலாம். கேப்ஸ் லாக் விழுந்திருக்கலாம். அமெரிக்க அமைப்பிலும் பிரிட்டிஷ் அமைப்பிலும் சில குறிகள் இடம் மாறியிருப்பதால், ஒன்றில் தட்டிய பாஸ்வேர்டு மற்றொன்றில் வேறாகிவிடும். அருகில் ஒருவரும் இல்லாத சமயம் பார்த்து, வெற்றுப் பக்கம் ஒன்றில் அதைத் தட்டிப் பார்த்து, சேமிக்காமல் மூடிவிட்டால் உண்மை விளங்கும். இன்னொரு காரணமும் உண்டு. லக்ஸின் புதிய பதிப்பு பாஸ்வேர்டைச் சோதிக்க நிறைய மெமரியை வேண்டுமென்றே செலவழிக்கிறது. ஆகையால் பெரிய கம்ப்யூட்டரில் பூட்டியது, மெமரி குறைந்த பழைய கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திறக்காமல் போகலாம்.

பூட்டு திறந்தும் மவுண்ட் ஆகாவிட்டால், கோளாறு உள்ளே இருக்கும் ஃபைல்சிஸ்டத்தில். அதைச் சரிபார்க்கும் கருவியைத் திறந்த சாதனத்தின்மேல் மட்டுமே ஓட்ட வேண்டும். பூட்டிய டிரைவின்மேல் எந்தப் பழுதுபார்க்கும் கருவியையும் ஓட்டலாகாது. படிக்கும்போதே பிழைகள் வருமானால் போர்ட்டையும் கேபிளையும் மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் நிற்காவிட்டால், டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் டிரைவ் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுத்துக்கொண்டு, பிரதியின்மேல்தான் கை வைக்க வேண்டும். விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டியவர்களுக்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. பூட்டிய நாளில் அதை அச்சிட்டோமா, கோப்பாக வைத்தோமா, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்தோமா என்று முதலில் தேடட்டும்.

பழுது சாதனத்திலேயே என்றால் நமக்குச் சட்டத்தின் துணை உண்டு. வாரண்டிக் காலத்தில் கெட்டுப்போன டிரைவுக்கு மாற்று கேட்கலாம். மறுத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் யோசனையும் கேட்கலாம். பில்லைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். மாற்று டிரைவ் வருமே அன்றிக் கோப்புகள் வரமாட்டா. பழைய டிரைவும் பெரும்பாலும் திரும்பி வராது. இங்கேதான் பூட்டியதன் பிரயோஜனம் புலப்படுகிறது: சாதனம் அந்நியர் கைக்குப் போனாலும் நமது ரகசியம் போவதில்லை. ஆகையால் சர்வீஸ் கடையில் பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களை நம்பவே வேண்டாம். பலமான பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருப்பதை அவர்களாலும் எடுக்க இயலாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆயினும் அது எல்லையற்ற உரிமை அன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, தேசப் பாதுகாப்பு, குற்ற விசாரணை முதலிய காரணங்களுக்காக, காரணத்தை எழுத்தில் பதிந்து, பூட்டைத் திறக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. உதவ மறுத்தால் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அத்தகைய உத்தரவு வருமானால், அதை எழுத்தில் பார்க்கக் கேட்டு, உடனே வக்கீலை அணுகுவதே விவேகம். பிறருடைய விவரங்களைச் சுமக்கும் டாக்டர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பூட்டுவது வெறும் விருப்பமாக நின்றுவிடவில்லை. படிப்படியாக அமலுக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காவலின்றி விவரங்கள் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது.

பூட்டு திருட்டைத் தடுக்குமே தவிர, நஷ்டத்தைத் தடுக்காது. முக்கியமான கோப்புகளுக்கு இரண்டாவது டிரைவில் ஒரு பிரதி இருந்தே தீர வேண்டும். லக்ஸில் ஹெடரைத் தனிக் கோப்பாக எடுத்து வைக்கும் வசதியும், இரண்டாவது பாஸ்வேர்டு ஒன்றைச் சேர்க்கும் வசதியும் இருக்கின்றன. பின்னால் பாஸ்வேர்டை மாற்றினாலும், பழைய ஹெடர் பிரதி பழைய பாஸ்வேர்டுக்குத் திறக்கும் என்பதால், மாற்றியவுடன் புதுப் பிரதி எடுத்துப் பழையதை அழித்துவிட வேண்டும். பிரதி எடுக்க ஒற்றைக் கட்டளை போதும். டிரைவ் ஒழுங்காகத் திறக்கும் இன்றைக்கே அதை எடுத்து, டிரைவோடு சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள்.