உவர்மண்ணில் வாசனைச் செடிகள்

இராமநாதபுரத்துக் கடலோரக் கிராமங்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய பின்னர் கொல்லைப்புறத்தைக் கவனித்துப் பார்ப்போர், பாத்தி வரப்பின் உச்சியில் மாவு தூவினாற்போல் உப்புப் பூத்திருப்பதைக் காணலாம். அடிமண்ணில் கரைந்திருந்த உப்பை ஈரமானது மேலே ஏற்றிக்கொண்டு வந்து, அதை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் ஆவியாகிவிடுகிறது. இத்தகைய மண்ணில் கொத்தமல்லியோ புதினாவோ பயிரிட்டவர்கள், இலையோரம் கருகக் கண்டதும் போஷாக்குக் குறைவென்று கருதி, இன்னும் ஒரு பிடி உரத்தை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். செடி பிழைக்க இருந்த வழியும் அத்துடன் அடைபட்டுவிடுகிறது.

ஏனெனில் கடையில் வாங்கும் இரசாயன உரங்களில் பெரும்பாலானவை தாமும் உப்புக்களே. மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்துவிட்டால், ஈரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் வேரினால் அதை உறிஞ்ச இயலாது. பொட்டாஷ் உரங்களில் மலிவான மியூரியேட் ஆப் பொட்டாஷ் குளோரைடையும் கூடவே கொண்டுவருவதால், விலை கூடுதலாயினும் சல்பேட் ஆப் பொட்டாஷே உசிதமானது. யூரியாவைக் கார மண்ணின் மேலே வெறுமனே தூவினால், தழைச்சத்தில் கணிசமான பாகம் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கோழி எருவிலும் உப்பு அதிகம். அடுப்புச் சாம்பலோ காரத்தன்மையை மேலும் ஏற்றிவிடும்.

ஆகையால் நன்கு மக்கிய தொழு உரமும், சிறிதளவு வேப்பம் புண்ணாக்குமே இங்கே பிரதானமாக இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். சத்து மெதுவாக வெளிப்படுவதுடன், மண்ணும் நீரைப் பிடித்துவைக்கும் சக்தியைப் பெறும். எதையும் கொஞ்சங்கொஞ்சமாக, ஈரம் உள்ளபோதே இடவேண்டும். தழைச்சத்து மிதமிஞ்சினால் கொத்தமல்லி தளதளவென்று வளருமேயன்றி, அதன் வாசனை குன்றிவிடும். உப்பு வரப்பின் உச்சியில் வந்து சேர்வதால், விதையைச் சரிவின் நடுப்பாகத்தில் ஊன்றி, வைக்கோலால் மூடாக்கிடுவது மிகவும் பிரயோஜனமானது.

கறிவேப்பிலைக்கு வரும் சங்கடம் வேறு வகையானது. நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மட்டும் வெளுத்து மஞ்சளானால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் காரத்தினால் அது வேருக்குக் கிட்டவில்லை என்று அறியலாம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டைக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளித்தால், வெளுத்த தளிர்கள் மறுபடி பச்சை பெறும். நம் பெண்கள் வேரடியில் புளித்த மோர் ஊற்றும் வழக்கமும் நல்லதே; ஆனால் அந்த மோரில் உப்புச் சேர்ந்திருக்கலாகாது.

தண்ணீர் உள்ளிறங்காமல் தேங்கி நிற்கும் களர்மண்ணுக்கு ஜிப்சம் இடலாம். அதிலுள்ள கால்சியம், மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைப் பெயர்த்துவிடும். பெயர்ந்ததைக் கழுவிக்கொண்டுபோக நல்ல நீரும் வடிகாலும் இல்லாவிட்டால் இட்டது வீண். அந்த நல்ல நீருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் வேறு கதியில்லை. ஆதலால் ஜிப்சத்தை மழைக்கு முன்பே மண்ணோடு கலந்துவிட வேண்டும். கோடைக்கென்று கூரைநீரையும் தொட்டியில் சேமித்து, முதலில் புதினாப் பாத்திக்கு விடவேண்டும்.