அக்யுரேட்டும் பிரிசைஸும்

ஆங்கிலத்தில் ‘அக்யுரேட்’, ‘பிரிசைஸ்’ என இரு சொற்கள் உண்டு. இரண்டையும் ‘துல்லியம்’ என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். ஆங்கிலேயருங்கூட அன்றாடப் பேச்சில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வழங்குவதுண்டு. ஆய்வுக்கூடத்தில் அது செல்லாது என்பதை நான் கற்றது, தில்லிக்குப் படிக்க வந்த முதலாண்டில்.

ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பின் முடுக்கத்தைக் காணவேண்டும். நான்கு முறை கண்டேன்: 9.58, 9.61, 9.60, 9.60. பக்கத்து மேசை நண்பருக்கோ 9.64, 9.93, 9.73, 9.82 என்று சிதறிக் கிடந்தன. உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். தில்லியில் அது வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 9.79 மீட்டர் என்று ஆசிரியர் சொன்னதும் சிரிப்பு அடங்கிற்று. நண்பரின் சராசரி 9.78!

“உமது விடை பிரிசைஸ், அவரது விடை அக்யுரேட்” என்றார் ஆசிரியர்.

அளவுகள் தம்முள் நெருங்கி நிற்பது பிரிசைஸ். உண்மையை நெருங்கி நிற்பது அக்யுரேட். இரவு 9 மணிக்குப் புறப்படும் வண்டியை ‘7 மணி 43 நிமிடத்துக்கு’ என்று ஒருவர் சொன்னால் அது பிரிசைஸான பொய். ‘இரவுதான் வண்டி’ என்பது நுட்பமில்லாத மெய். முன்னதற்கு ‘நுட்பம்’ என்றும், பின்னதற்குத் ‘துல்லியம்’ என்றும் வைத்துக்கொள்வது எனக்கு உகப்பு. லத்தீனில் பிரிசைஸ் என்பதன் வேர் வெட்டுதலைக் குறிக்கும். அக்யுரேட்டுக்குள் இருப்பதோ அக்கறை என்னும் பொருளுடைய சொல். நான் அழகாக வெட்டியிருந்தேன், அக்கறைதான் போதவில்லை.

“9.79 என்றே எழுதிவிடப்பா, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று ஒருவர் காதில் ஓதினார். பேனாவைத் திறந்தும் விட்டேன். ஆனால் குறைந்த அந்த 0.19 எங்கே போயிற்று என்ற கேள்வி விடவில்லை. நூறு முறை ஆட்டிப் பார்த்தாலும் அதே 9.60 தான் வந்திருக்கும்; ஒவ்வொரு முறையும் ஒரே பிழை ஒரே பக்கமாக இழுத்தால் சராசரி எப்படித் திருந்தும்?

மறுநாள் மீண்டும் போய் ஊசலைத் தடவிப் பார்த்தேன். நூலை 50 சென்டிமீட்டர் என்று அளந்தது குண்டின் தலைவரையில்தான். அளக்கவேண்டியது குண்டின் நடுப்புள்ளிவரை. குண்டின் விட்டம் 2 சென்டிமீட்டர். அதில் பாதியை நீளத்தோடு கூட்டிக் கணக்கைத் திரும்பப் போட்டேன், 9.79 தானே வந்து நின்றது. பழைய விடையை அடிக்காமல், அதன் கீழேயே புதியதை எழுதிக் கொடுத்தேன்.